பத்தில் ஒரு பங்கு: பேஸ் ரெசிஸ்டர் கணக்கு வளர்ந்த வரலாறு

சங்க மலர் என்றால் கோயில், கல்வெட்டு, காப்பியம் என்று எழுதுவதே வழக்கம். எழுதத்தான் வேண்டும். வெளி மாநிலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு அவை போய்ச் சேர வேண்டும். ஆனால் அதே பிள்ளைகளில் பாதிப் பேர் இன்று இன்ஜினியரிங் படிக்கிறார்கள். அவர்கள் தினமும் போடும் ஒரு சின்னக் கணக்குக்கும் வரலாறு உண்டு. அதை இந்த முறை எழுதலாம் என்று தோன்றியது.

நான் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்தில் நெல்லும் மணிலாவும் வியாபாரம் செய்த நயினார் குடும்பம் எங்களுடையது. 1980களின் தொடக்கத்தில் மும்பைக்கு வந்து, லாமிங்டன் ரோடில் எலெக்ட்ரானிக் சாமான் விற்றேன். விற்கிற சரக்கு என்னவென்று தெரிய வேண்டுமே என்று பழைய டேட்டா புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். அந்தப் பழக்கம் இன்றும் விடவில்லை.

கடைக்கு வரும் மாணவர்கள் "ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரிலே, ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்" என்று கேட்பார்கள். "ஏன் தம்பி 1 கிலோ ஓம்?" என்று கேட்டால், "எல்லாரும் அதான் போடறாங்க" என்பார்கள். அந்த ரெசிஸ்டரின் மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

வால்வு கேட்காத கூலி

டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்: எமிட்டர், பேஸ், கலெக்டர். பேஸில் சிறிய மின்னோட்டம் கொடுத்தால் கலெக்டரில் பெரிய மின்னோட்டம் ஓடும். பேஸில் நிறுத்தினால் கலெக்டரிலும் நின்றுவிடும். ஆக, கை வைக்காமலே போட்டு அணைக்கக்கூடிய சுவிட்ச் அது. பேஸுக்குப் போகும் மின்னோட்டத்தை அளந்து விடுவது பேஸ் ரெசிஸ்டர்.

இதற்கு முன்னால் இந்த வேலையைச் செய்த வால்வில் இந்தக் கணக்கு கிடையாது. வால்வின் கிரிட்டுக்கு வோல்டேஜ் காட்டினால் போதும், அது சாதாரணமாக மின்னோட்டம் எதுவும் எடுத்துக்கொள்ளாது. நம் மும்பையிலேயே, கொலாபாவில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960ல் ஓடத் தொடங்கிய டிஃப்ராக் கம்ப்யூட்டர் வால்வுகளால் ஆனதுதான். அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் என்பது மும்பைத் தமிழர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

வால்வு கூலி கேட்காத வேலைக்காரன் என்றால், டிரான்சிஸ்டர் தினக்கூலி கேட்கும் வேலைக்காரன். ஒவ்வொரு கணமும் பேஸில் மின்னோட்டம் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் அது வேலை செய்யும். எவ்வளவு கொடுப்பது? குறைத்தால் வேலை நடக்காது, அதிகம் கொடுத்தால் வேறு தொல்லை. வால்வோடு பழகிய பொறியாளர்கள் புதிதாகக் கற்க வேண்டியிருந்த பாடம் இது.

நூற்றில் ஒன்று செய்யும் வேலை

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டனும் முதல் டிரான்சிஸ்டரைச் செய்தார்கள். ஜெர்மானியத் துண்டின் மேல் இரண்டு மெல்லிய தங்கத் தொடுப்புகள், அவ்வளவுதான். சில வாரங்களிலேயே, 1948 ஜனவரியில், வில்லியம் ஷாக்லி சந்தி டிரான்சிஸ்டரின் கொள்கையை வகுத்தார். அது 1951ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இன்று நாம் விற்பதும் வாங்குவதும் அந்த வழியில் வந்தவைதான். மூவருக்கும் 1956ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இந்தப் புதிய சரக்கில் ஒரு குறை இருந்தது. ஒரே நாளில், ஒரே இடத்தில் செய்த டிரான்சிஸ்டர்கள்கூட ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஒன்று பேஸ் மின்னோட்டத்தை 20 மடங்காக்கும், இன்னொன்று 50, வேறொன்று 100.

காரணம் எளிது. எமிட்டரில் இருந்து புறப்படும் மின்னோட்டத்தில் நூற்றுக்கு 98 பங்கு கலெக்டருக்குப் போய்ச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 2 பங்கு பேஸ் வழியாகப் போகிறது. 98ஐ 2ஆல் வகுத்தால் பெருக்கம் 49. பக்கத்து டிரான்சிஸ்டரில் 99 பங்கு போய்ச் சேர்ந்தால் மிச்சம் 1, பெருக்கம் 99. நூற்றில் ஒரு பங்குதான் வித்தியாசம், பெருக்கமோ இரட்டிப்பு! வியாபாரிக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நூறு ரூபாய் வரவில் செலவு 98 ஆனாலும் 99 ஆனாலும் பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் லாபம் பாதியாகிவிடும். மிச்சத்தை வைத்துப் போடும் கணக்கு எப்போதும் இப்படித்தான் ஆடும்.

இன்றும் இது தீரவில்லை. சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் பி.சி.547ஐ ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரித்து விற்கிறார்கள். ஏ வகையின் பெருக்கம் 110 முதல் 220 வரை, பி வகை 200 முதல் 450 வரை, சி வகை 420 முதல் 800 வரை. ஆளுக்கு ஆள் இப்படி மாறும் சரக்கை நம்பி ஒரு கருவியை எப்படிச் செய்வது?

சுவிட்ச்சுக்கு வேறு கணக்கு

ரேடியோ செய்தவர்கள் பெருக்கத்தை நம்பி இருந்தார்கள். கம்ப்யூட்டர் செய்ய வந்தவர்களின் தேவை வேறு. டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்க வேண்டும், அல்லது முழுதாக மூட வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது. 1954 ஜனவரியில் அமெரிக்க விமானப்படைக்காகப் பெல் ஆய்வகம் முடித்த டிராடிக் கம்ப்யூட்டரில் ஏறத்தாழ 700 டிரான்சிஸ்டர்களும் 10,000க்கு மேற்பட்ட டயோடுகளும் இருந்தன. அத்தனையில் ஒன்று அரைகுறையாகத் திறந்தாலும் விடை தப்பாகிவிடும்.

அதே 1954ன் இறுதியில் பெல் ஆய்வகத்தின் எபர்ஸ், மோல் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்த நிலையில் எப்படி நடந்துகொள்ளும் என்று அதில் சூத்திரமாக்கிக் கொடுத்தார்கள். சுவிட்ச் கணக்குக்கு அதுவே அடிப்படை. இன்றைய கம்ப்யூட்டர் மென்பொருள்கள் டிரான்சிஸ்டரைக் கணக்கிடும் முறைகளிலும் அதன் வேர் இருக்கிறது.

அதன் சாரத்தை நம் பேச்சில் சொல்வதானால் இப்படி: கலெக்டரில் எவ்வளவு ஓட வேண்டும் என்பதை வெளியே இருக்கும் பளுவும் சப்ளை வோல்டேஜும் முடிவு செய்துவிடுகின்றன. பேஸுக்குத் தேவைக்கு மேல் கொடுத்துவிட்டால் டிரான்சிஸ்டரின் சொந்தப் பெருக்கம் 50 ஆனாலும் 200 ஆனாலும் பலன் ஒன்றுதான். கலெக்டரில் 0.2 வோல்ட் அளவில் மிச்சம் நிற்கும், மற்றதெல்லாம் பளுவுக்குப் போய்விடும். இதைத்தான் 'சாச்சுரேஷன்', நிறைநிலை என்கிறோம்.

எங்கள் ஊரில் மணிலா வாங்குபவர்கள் ஒரு பிடி காயை உடைத்துப் பார்த்து, மூட்டைக்கு எத்தனை பருப்பு தேறும் என்று மதிப்பிடுவார்கள். நல்ல காயைப் பார்த்து விலை பேசினவன் நஷ்டப்படுவான். மோசமான மூட்டையில் தேறுவதை வைத்துக் கணக்குப் போட்டவன் பிழைப்பான். சுவிட்ச் கணக்கும் அதே புத்திதான்.

ரெசிஸ்டரை நீக்கிப் பார்த்தார்கள்

இந்தப் பாடம் ஒரேயடியாக எல்லாருக்கும் ஏறிவிடவில்லை. 1950களின் நடுவில் பில்கோ கம்பெனிப் பொறியாளர்கள் ஒரு டிரான்சிஸ்டரின் கலெக்டரை அடுத்த டிரான்சிஸ்டரின் பேஸோடு நேராகவே இணைத்தார்கள். நடுவில் ரெசிஸ்டர் கிடையாது. சாமான் குறைவு, இடம் குறைவு, வேகமும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஒரு கலெக்டர் ஒரே ஒரு பேஸை இயக்கும்வரை தொல்லையில்லை. ஐந்து பேஸ்களை இயக்க வேண்டியபோது சிக்கல் வந்தது. ஐந்தும் ஒரே வோல்டேஜில் திறப்பதில்லை. ஒன்று மற்றதைவிட 60 மில்லி வோல்ட் முன்னதாகத் திறந்தால், சாதாரண வெப்பநிலையில் அது ஏறத்தாழ பத்து மடங்கு மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். தெருக்குழாயில் பள்ளத்து வீட்டுக்கு மட்டும் தண்ணீர் வருவதுபோல, ஒன்று குடிக்க, மற்ற நான்கும் காயும். ஒன்றுபோல் இருக்கும் டிரான்சிஸ்டர்களைப் பொறுக்கிப் போட்டால்தான் சுற்று ஓடும். பொறுக்கிப் போட்டு எத்தனை செய்ய முடியும்?

தீர்வு என்ன? ஒவ்வொரு பேஸுக்கும் ஒரு ரெசிஸ்டரைத் திரும்பப் போட்டார்கள். ஃபேர்சைல்ட் கம்பெனி 1961ல் அறிமுகப்படுத்திய மைக்ரோலாஜிக் வரிசைச் சில்லுகள் இந்த வழியில் வளர்ந்தவை. அதில் பெயர்பெற்ற 914 என்ற கேட்டைப் பாருங்கள். சப்ளை 3.6 வோல்ட், கலெக்டர் ரெசிஸ்டர் 640 ஓம், பேஸ் ரெசிஸ்டர் 450 ஓம், ஒன்று ஐந்தை இயக்கலாம். 60 மில்லி வோல்ட் வித்தியாசம் வந்தாலும் 450 ஓமில் அது 0.13 மில்லி ஆம்பியர் மாற்றம்தான். பள்ளத்து வீட்டுக் குழாயில் வால்வு வைத்த மாதிரி ஆயிற்று.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னொரு செய்தி கிடைக்கிறது. ஐந்து பேஸ்களுக்கும் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 0.78 மில்லி ஆம்பியர் கிடைக்கும். கலெக்டரில் ஓடுவது சுமார் 5.3. அதாவது ஒவ்வொரு டிரான்சிஸ்டரிடமும் அவர்கள் எதிர்பார்த்த பெருக்கம் ஏழுக்கும் குறைவு! அதன் சொந்தத் திறமை அதைப்போலப் பல மடங்கு. அதை நம்பவில்லை, நம்பத் தேவையில்லாதபடி செய்தார்கள்.

1969 ஜூலையில் மனிதனை நிலவில் இறக்கிய அப்போலோ கம்ப்யூட்டரும் இதே இனம்தான். எம்.ஐ.டி.யில் வடிவமைத்த அந்தக் கருவியின் இரண்டாம் வடிவத்தில் சுமார் 2,800 சில்லுகள் இருந்தன. எல்லாம் ஒரே வகை, ரெசிஸ்டர்-டிரான்சிஸ்டர் கேட்டுகள். அந்த இரண்டாம் வடிவத்துக்குச் சில்லு செய்து கொடுத்தவர்களில் முக்கியமானவர், முன்னே ரெசிஸ்டரை நீக்கிப் பார்த்த அதே பில்கோதான். நிலவுப் பயணத்தில் மூன்று பேரின் உயிர், "எந்த டிரான்சிஸ்டர் வந்தாலும் திறந்தே தீரும்" என்று போட்ட அந்தக் கணக்கிலும் இருந்தது.

நம் நாட்டில்

பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1962ல் ஜெர்மானிய டிரான்சிஸ்டர் செய்யத் தொடங்கியது. டெல்லியில் 1964ல் கான்டினென்டல் டிவைஸ் இந்தியா தொடங்கப்பட்டது. கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1 என்ற டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டர் 1966ல் இயங்கியது.

ஜெர்மானியத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சூடு ஏற ஏற மின்னோட்டம் தானாகக் கசியும். 10 டிகிரி ஏறினால் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். நம் ஊர்க் கோடையில் திறக்கும் கணக்கு மட்டும் போதாது, மூடும் கணக்கும் வேண்டும். அதனால் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே இரண்டாவதாக ஒரு ரெசிஸ்டர் போட்டார்கள். சிலிக்கான் வந்தபின் கசிவு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் பேஸ் அந்தரத்தில் தொங்காமல் இருக்க இன்றும் 10 கிலோ ஓம் போடுவது நல்ல பழக்கம்.

1991க்கு முன் வெளிநாட்டுச் சரக்கு லேசில் கிடைக்காது. இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும். மெக்கானிக்குகள் கடைக்கு வந்து, வெளிநாட்டு நம்பரைச் சொல்லி, "இது இல்லேன்னா இதுக்கு ஈக்குவலன்ட் குடுங்க" என்பார்கள். உலோகக் குல்லாய் போட்ட எஸ்.எல்.100 இல்லையென்றால் சி.எல்.100. ஈக்குவலன்ட் புத்தகம் கல்லாப்பெட்டி பக்கத்திலேயே இருக்கும்.

இதில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பேஸ் ரெசிஸ்டர் கணக்கு ஒழுங்காகப் போட்ட கருவியில் எந்த ஈக்குவலன்டும் ஓடும். ஒரு குறிப்பிட்ட டிரான்சிஸ்டரின் பெருக்கத்தை நம்பிச் செய்த கருவி, அந்த டிரான்சிஸ்டர் போனதோடு தானும் போய்விடும். உதிரிப் பாகம் கிடைக்காத நாட்டில், ஒரு ஆஸ்பத்திரிக் கருவியோ கிராமத்துப் பம்ப்செட் ஸ்டார்ட்டரோ திரும்ப ஓடுமா, குப்பைக்குப் போகுமா என்பதை எங்கோ ஒருவர் போட்ட இந்தக் கணக்கு முடிவு செய்தது. டிரான்சிஸ்டரை, பொறுக்கி எடுக்கும் அபூர்வப் பொருளாக இல்லாமல், எடை போட்டு விற்கும் சரக்காக ஆக்கியது இந்த ரெசிஸ்டர்தான் என்பது என் முடிவு. எங்கள் கடைத்தெருவே அதனால் பிழைத்தது எனலாம்.

சரி, கணக்குக்கு வருவோம்

12 வோல்ட் ரிலே, சுருளின் தடை 400 ஓம். 12ஐ 400ஆல் வகுத்தால் 30 மில்லி ஆம்பியர். கட்டளை 5 வோல்ட்டில் வருகிறது. பேஸ் திறந்திருக்கும்போது 0.7 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 4.3 வோல்ட் ரெசிஸ்டரின் மேல் விழும்.

பி.சி.547 பி வகை, பெருக்கம் குறைந்தது 200 என்று எடுத்துக்கொண்டால் பேஸுக்கு 0.15 மில்லி ஆம்பியர் போதும் என்று வரும். 4.3ஐ அதனால் வகுத்தால் சுமார் 28.7 கிலோ ஓம். பக்கத்தில் கிடைப்பது 27 கிலோ ஓம். மேசை மேல் ஒருவேளை ஓடும். நாளைக்குக் கடையில் ஏ வகைதான் கிடைத்தது, அதன் பெருக்கம் 110 என்று வையுங்கள். கலெக்டரில் சுமார் 17.5 மில்லி ஆம்பியர்தான் ஓடும். சுருளுக்கு 7 வோல்ட்தான் கிடைக்கும். ரிலே சரியாக ஒட்டாது. இதில் இன்னொன்று: புத்தகத்தில் போட்டிருக்கும் 200 என்பது கலெக்டரில் 5 வோல்ட் நிற்கும்போது அளந்தது. முழுதாகத் திறந்த நிலையில் அந்தப் பெருக்கம் இருக்காது.

ஆகவே டேட்டா புத்தகத்தில் பெருக்கத்தைப் பார்க்காமல், நிறைநிலை வோல்டேஜ் வரியைப் பாருங்கள். 1962ல் வந்து இன்றும் விற்கும் 2என்2222க்கு அந்த வரியில் கலெக்டர் 150 மில்லி ஆம்பியர், பேஸ் 15 என்று இருக்கும். பத்தில் ஒரு பங்கு! பி.சி.547க்கு 100க்கு 5, அதாவது இருபதில் ஒரு பங்கு. தயாரித்தவன் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் உறுதிமொழி அந்த வரிதான். பத்தில் ஒன்று என்ற வழக்கம் வெறும் வாய்வழக்கு அல்ல.

நம் ரிலேவுக்கு 30ல் பத்தில் ஒன்று 3 மில்லி ஆம்பியர். 4.3 வோல்ட்டை 3 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 1,433 ஓம். ரெசிஸ்டர்கள் 10, 12, 15, 18, 22 என்று ஒரு வரிசையில்தான் வரும், அது 1952லேயே உலக அளவில் வகுக்கப்பட்டது. எனவே 1.5 கிலோ ஓம் போடலாம். பத்துக்குப் பதில் பத்தரையில் ஒன்று ஆகும், குடி முழுகாது. இன்னும் தெம்பு வேண்டுமென்றால் 1.2. கால் வாட் தாராளம். சுருளின் குறுக்கே ஒரு டயோடு போட மறக்க வேண்டாம்.

கட்டளை கொடுப்பவரின் சக்தியையும் பார்க்க வேண்டும். பழைய 7400 வரிசைச் சில்லு, மேல் நிலையில் 0.4 மில்லி ஆம்பியருக்குத்தான் உறுதி கொடுக்கும். அதனிடம் 3 கேட்டால் நடக்காது. அங்கே நடுவில் இன்னொரு டிரான்சிஸ்டர் வேண்டும். கேட்கிற கூலி, கொடுப்பவன் மடியில் இருக்கிறதா என்று பார்ப்பதும் கணக்கில் சேர்ந்ததே.

அளவுக்கு மீறினாலும்

"அப்படியானால் ரெசிஸ்டரை இன்னும் குறைத்து அள்ளிக் கொடுத்துவிடலாமே?" என்று கேட்கலாம். அளவுக்கு மீறிக் கொடுத்தால் பேஸில் மின்னேற்றம் தேங்கும். அணைக்கச் சொன்னாலும் தேங்கியது வடியும்வரை டிரான்சிஸ்டர் திறந்தே கிடக்கும். ரிலேவுக்கு அது பொருட்டல்ல. வேகமாக ஓடும் கம்ப்யூட்டருக்குப் பெரும் தடை. 1956ல் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் பேக்கர், டயோடுகளை வைத்து, மிகையானதைத் திருப்பிவிடும் வழி சொன்னார். பின்னாளில் ஷாட்கி டயோடு அதே வேலையைச் சில்லுக்குள்ளேயே செய்தது. 74எல்.எஸ். வரிசை அப்படி வந்ததுதான்.

இன்று

இப்போது மாஸ்ஃபெட் வந்துவிட்டது. வால்வைப் போலவே அதுவும் நிலையான கூலி கேட்பதில்லை. மறுபக்கம், யு.எல்.என்.2003 போன்ற சில்லுகளில் 2.7 கிலோ ஓம் பேஸ் ரெசிஸ்டர் உள்ளேயே அடங்கியிருக்கிறது. யாரோ கணக்குப் போட்டு உள்ளே வைத்துவிட்டதால் நமக்குக் கணக்கே தேவையில்லை என்று தோன்றுகிறது.

ஆனால் சாதாரண டிரான்சிஸ்டர் இன்றும் கடையில் கிடைக்கிறது, பிள்ளைகள் வாங்குகிறார்கள், 1 கிலோ ஓம் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். 5 வோல்ட்டில் சின்ன ரிலேவுக்கு அது ஓடிவிடும். அதே 1 கிலோ ஓமை 3.3 வோல்ட் போர்டில் வைத்து, 200 மில்லி ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்குப் போட்டால்? பேஸுக்குக் கிடைப்பது 2.6, தேவை 20. டிரான்சிஸ்டர் அரைக்கதவு திறந்து நின்று சூடாகும். "சரக்கு டூப்ளிகேட்" என்று கடைக்காரனைத் திட்டுவார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை புராஜெக்ட் என்று எதையாவது கொண்டுவந்தால், "இந்த ரெசிஸ்டர் ஏன் இவ்வளவு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பளு எவ்வளவு, அதில் பத்தில் ஒன்று எவ்வளவு, கொடுப்பவனால் முடியுமா என்ற மூன்று வரியை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கூட்டல், வகுத்தல் தெரிந்த எந்தத் தாயும் தகப்பனும் அந்த மூன்று வரியைச் சரிபார்த்துவிடலாம்.